முப்பது டிகிரியில் நடுங்கும் குஞ்சு

பள்ளிக்கூட வாசலிலும் திருவிழாக் கூட்டத்திலும் கூடையில் வைத்து விற்பார்களே, பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகள், அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் வைக்காது என்று பொரிப்பகங்கள் கழித்துவிடுபவை. பிள்ளை அடம்பிடித்து இரண்டு வாங்கி வரும். பழைய துணி விரித்த அட்டைப்பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பிடி நொய். முதல் நாள் கூடமெல்லாம் ஓடித் திரியும். இரண்டாம் நாளும் குறையில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பெட்டி மூலையில் விறைத்துக் கிடக்கும். "கைபட்டாலே அதுக்கு ஆகாது" என்பார் பாட்டி. "எல்லாம் அந்தச் சாயத்துல இருக்கிற விஷம்" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. அந்தக் குஞ்சு செத்தது குளிரிலும் பசியிலும். மின்விசிறி சுழன்றும் நமக்கு வியர்த்துக் கொட்டுகிற வீட்டில் ஓர் உயிர் குளிரில் சாவது எப்படி? அதுவும் இரண்டு நாள் ஆட்டம் போட்டுவிட்டு மூன்றாம் நாள் சாவானேன்? வீட்டில் இருபது முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வளர்க்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

முதலில் மூன்றாம் நாள் கணக்கு. கோழி முட்டை பொரிய 21 நாள். கடைசி இரண்டு நாளில் முட்டைக்குள் ஒரு வேலை நடக்கிறது. அதுவரை வெளியே தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள்கருப் பையைக் குஞ்சு தன் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. 40 கிராம் எடையில் பிறக்கும் குஞ்சின் வயிற்றில் ஐந்து கிராம் அளவுக்கு மஞ்சள்கரு இருக்கும். கொழுப்பும் புரதமும் மட்டுமல்ல, தாய்க்கோழி கண்ட நோய்களுக்கு எதிராக அதன் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களும் அதில் உண்டு. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அடைக்கோழியின் கீழே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முட்டையும் ஒரே மணி நேரத்தில் பொரிவதில்லை. முதலில் வந்த குஞ்சு, கடைசி முட்டை உடையும் வரை ஒரு நாளோ இரண்டு நாளோ தாயின் அடியிலேயே இரை இல்லாமல் காத்திருக்க வேண்டும். அதுவரை வயிற்றுச் சரக்கில் காலம் தள்ளுகிறது. அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைப் பார்சலில் ஏற்றுக்கொள்ள முடிந்ததும் இந்த மஞ்சள்கருவின் தயவால்தான்.

வாங்கி வந்த குஞ்சு இரண்டு நாள் ஓடித் திரிந்ததால் அது சாப்பிட்டது என்று பொருளில்லை. சரக்கு தீரும்போது இரை எடுக்கக் கற்றிருக்க வேண்டும். கற்காத குஞ்சு மூன்றாம் நாள், நான்காம் நாள் விழுகிறது. பொரிப்பக ஆய்வுகளில் ஒரே நாள் பொரிந்த குஞ்சுகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு உடனே தீவனம் கொடுத்து, மற்றதைப் பட்டினி போட்டு, நாளுக்கு நாள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை எடைபோட்டுப் பார்த்தார்கள். பட்டினி கிடந்த குஞ்சுதானே சேமிப்பை வேகமாகச் செலவழிக்கும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. இரை எடுத்த குஞ்சிலேயே மஞ்சள்கரு சீக்கிரம் கரைந்தது. குடல் இயங்கத் தொடங்கினால்தான் பையிலிருப்பது குடலுக்குள் இறங்குகிறது. அதனால் குஞ்சு வந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகு நுனியைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டுக் காட்டி விடுவது வீண் சம்பிரதாயமில்லை. தாய்க்கோழி கொக்கரித்துக்கொண்டே இரையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும். அந்த வேலையை, செய்தித்தாள்மேல் தூவிய தீவனத்தின் பக்கத்தில் நம் விரல் நுனியால் தட்டிச் செய்யலாம். சத்தம் கேட்டு ஒன்று வந்து கொத்தும், அதைப் பார்த்து மற்றவை வரும்.

மஞ்சள்கரு போன வழி சில நாள் வெளியே தெரியும். வயிற்றுக்கு அடியில் சிறிய கறுத்த பொருக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் தொப்புள். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்வதும் குஞ்சுகளுக்கு வருகிற தொல்லைதான். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து எடுத்து, உடம்பை உலர்த்தி விடவேண்டும். புதியவர்கள் பலர் தொப்புள் பொருக்கையும் எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடுகிறார்கள். மூடி ஆறாத தொப்புள், கிருமிகளுக்கு மஞ்சள்கருப் பைக்கே போகிற நேர்வழி. எச்சம் அடைப்பது வால் அடியில், தொப்புள் இருப்பது அதற்கும் கீழே, கால்களுக்கு இடையில். இந்த ஒரு விரற்கடை தூரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

இனி குளிர். டம்ளரில் ஊற்றிய டீ நாலு பேச்சு பேசுவதற்குள் ஆறிவிடுகிறது, அண்டாவில் இருக்கும் டீ பந்தி முடியும் வரை சுடுகிறது. உருவம் சிறுத்தால் உள்ளே இருக்கும் சரக்கு வேகமாகக் குறைகிறது, சூட்டை வெளியே விடும் மேற்பரப்போ அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஒன்றரைக் கிலோ கோழி அண்டா என்றால் 40 கிராம் குஞ்சு டம்ளர். கோழிக்கு உள்சூடு 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். பிறந்த குஞ்சுக்கும் அது 40 அளவில் நிற்க வேண்டும். 30 டிகிரி அறை நமக்குப் புழுக்கம். அதற்கோ சுற்றியுள்ள காற்று தன் உடம்பைவிடப் பத்து டிகிரி குறைவு. மேலே இருப்பது இறகும் இல்லை, மெல்லிய பூம்பஞ்சு. அதுவும் உலர்ந்திருந்தால்தான் காற்றைப் பிடித்து வைக்கும், நனைந்தால் ஒட்டிப்போய் ஒன்றுக்கும் உதவாது. சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சுக்கு எதிர்வீட்டுக்காரர் சொன்ன விஷத்தைவிட அந்த ஈரமே பெரிய ஆபத்தாக இருந்திருக்கும்.

உடம்பு சிறியது என்பது பாதிக் கதைதான். குஞ்சு அளவே உள்ள வளர்ந்த எலியும் உண்டு, அது குளிரைத் தாங்குகிறது. உள்ளே அடுப்பை ஏற்றிக்கொள்ளத் தெரிந்திருப்பதால் தாங்குகிறது. குஞ்சின் அடுப்பு எப்படி என்பதை அளக்க ஒரு வழி உண்டு. உயிரியை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்த ஆக்சிஜன் அளவே உடம்பில் எரிந்த எரிபொருளின் கணக்கு. அறையை மெல்லக் குளிரவைத்தால் வளர்ந்த கோழி ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துச் சூட்டைக் கூட்டிக்கொள்ளும், உடல்வெப்பம் அசையாது. முட்டைக்குள் இருக்கும் கரு அப்படியில்லை, குளிரக் குளிர அதன் எரிப்பு குறைந்துகொண்டே போகும், பல்லியைப் போல. அன்று பொரிந்த குஞ்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்ச தூரம் போராடி எரிப்பைக் கூட்டும். குளிர் நீடித்தால் கைவிட்டுவிடும், எரிப்பும் உடல்வெப்பமும் சேர்ந்தே இறங்கும். பத்து நாள், இரண்டு வாரம் ஆகும்போதுதான் கோழியின் பக்கம் முழுதாக வந்து சேர்கிறது. உடல்வெப்பச் சீராக்கம் என்று இதைச் சொல்லலாம். அதுவரை அடுப்பு வெளியே இருக்க வேண்டும்.

அந்த வெளி அடுப்புதான் தாய்க்கோழி. அடைக்கு உட்காரும் கோழியின் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, இரத்தக் குழாய்கள் நெருங்கிப் பருத்த வெற்றுத்தோல் தெரியும். முட்டைக்கும் பிறகு குஞ்சுக்கும் சூடு போவது அந்தத் தோல் வழியாக. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாய்க்கோழி தோட்டத்தைச் சூடாக்குவதில்லை, கூட்டைக்கூடச் சூடாக்குவதில்லை. அதன் வயிற்றடியில் கொதிப்பு, ஒரு சாண் தள்ளினால் மார்கழிக் காற்று. குஞ்சுகள் ஓடிப்போய் மேயும், குளிர்ந்ததும் திரும்பி வந்து இறகுக்குள் நுழையும், சூடேறியதும் இறகுக்கு வெளியே தலையை நீட்டும், மறுபடி ஓடும். எவ்வளவு நேரம் உள்ளே, எவ்வளவு நேரம் வெளியே என்பதை முடிவு செய்வது குஞ்சு. உடம்புக்குள் இல்லாத சீராக்கத்தை அது கால்களால் செய்கிறது.

புரூடர் எனப்படும் கதகதப்புக் கூண்டில் நாம் அமைக்க வேண்டியதும் இதைத்தான். கூண்டு முழுவதும் ஒரே சூடு என்பது பொரிப்புப் பெட்டிக்குச் சரி, நடமாடும் குஞ்சுக்குத் தப்பு. ஒரு பக்கம் நல்ல சூடு, அங்கிருந்து மெல்ல இறங்கி மறுகோடியில் அறை வெப்பம். இதற்கு வெப்பச் சரிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சரிவு சரியாக இருந்தால் நம் கணிப்பு இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் குஞ்சு தானே திருத்திக்கொள்ளும். சரிவே இல்லாவிட்டால் நம் பிசகுக்குத் தண்டனை அதற்கு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிவியலாளர் ரியோமூர். தன் பெயரில் வெப்பமானி அளவுகோல் ஒன்றையே உருவாக்கியவர். எகிப்தில் பெரும் அடுப்புகள் கட்டி ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறார்கள் என்று அறிந்து, பிரான்சில் எருக்குழிச் சூட்டைக் கொண்டு அதைச் செய்து பார்த்து, 1749-இல் ஒரு நூலே எழுதினார். பொரித்த குஞ்சுகளுக்கு அவர் செய்துகொடுத்தது 'செயற்கைத் தாய்'. கணக்குப்பிள்ளை மேசைபோல் கூரை சாய்ந்த பெட்டி, கூரையின் உட்புறம் ஆட்டுரோமத் தோல். குஞ்சு உள்ளே நுழைந்து, தன் முதுகில் ரோமம் படுகிற உயரத்தில் நின்றுகொள்ளும், போதும் என்றால் வெளியே வந்துவிடும். வெப்பமானிக்காரர் குஞ்சைக் குறிப்பிட்ட ஒரு டிகிரியில் அடைத்துப் பூட்டவில்லை என்பதே எனக்குப் பிடித்த விஷயம். இன்று வெளிநாடுகளில் வீட்டு வளர்ப்பாளர்கள் வாங்கும் நாலு கால் வைத்த வெப்பத் தட்டு, ஆட்டுத்தோலை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்த ரியோமூர் பெட்டியேதான்.

நம் ஊரில் வீட்டளவில் அடுப்பு என்றால் குண்டு பல்பு. குஞ்சுக்கு 2 வாட் என்பது கால்நடைத் துறையினர் சொல்லித்தரும் கணக்கு. முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு. ஒன்றுக்குப் பதில் இரண்டு 40 வாட் போடுங்கள் என்பேன் நான். நடுராத்திரியில் ஒன்று பீஸ் போனால் இன்னொன்று இருக்கும். இந்தக் கணக்கு தலைமுறையாகச் செல்லுபடியானதற்குக் காரணம், குண்டு பல்பு விளக்காக ஒரு தோல்வி. தனக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூடச் சரியாக ஒளியாக்காது, மீதி அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் சூடான கண்ணாடியாகவும் போய்விடும். இப்போது கடைக்குப் போய் "60 வாட் வெளிச்சத்துக்கு ஒரு பல்பு" என்று கேட்டால் 9 வாட் எல்இடியைக் கொடுப்பார்கள். பெட்டி பளிச்சென்று இருக்கும், குஞ்சுகள் அந்த வெளிச்சத்துக்கடியில் நடுங்கும். விளக்காக எவ்வளவு நல்லதோ அடுப்பாக அவ்வளவு மோசம் அது. குண்டு பல்பு கிடைக்காத ஊரில், வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரோ அகச்சிவப்பு விளக்கோ வாங்கலாம். ஆனால் 250 வாட் அகச்சிவப்பு விளக்கு பெரிய செட்டுக்கானது, அட்டைப்பெட்டிக்கு மேல் அதைத் தொங்கவிடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

பல்பின் சூடு இரண்டு விதமாகக் குஞ்சை அடைகிறது. காற்று சூடேறி வருவது ஒன்று. அந்தச் சூடான காற்று மேலே போய்விடும், தரையில் நிற்கும் குஞ்சுக்குப் பெரிய லாபமில்லை. மற்றது கதிர்வீச்சு, காற்றைச் சட்டை செய்யாமல் நேராக முதுகில் விழுவது. தூரம் இரட்டித்தால் கதிரின் வலு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். ஓர் அடி உயரத்தில் தொங்கும் பல்பை ஒன்றரை அடிக்கு ஏற்றினால் பாதிக்கு மேல் சூடு போய்விடுகிறது என்று அர்த்தம். அதனால் வாட்டை மாற்றுவதைவிடக் கயிற்றை மாற்றுவது எளிது. மின்கம்பியாலேயே பல்பைத் தொங்கவிடாமல் சங்கிலியாலோ கம்பியாலோ தனியாகக் கட்டி, அறுந்தாலும் தரைக்கு வராதபடி இன்னொரு கட்டும் போடுங்கள். கீழே இருப்பது உமியும் செய்தித்தாளும். வெப்பமானியைச் சுவரில் மாட்டி அளப்பதும் பயனில்லை. அது குஞ்சின் முதுகு உயரத்தில், பல்பு வட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். குஞ்சு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு வைக்காவிட்டால், காற்று 35 டிகிரி காட்டும்போதும் உமி சில்லென்றே இருக்கும். அப்போது சூடு காலடி வழியே இறங்கிவிடும்.

35 டிகிரி என்ற எண், எல்லாக் கோழி வளர்ப்புப் புத்தகத்திலும் இருப்பது. முதல் வாரம் 35, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து, ஐந்தாறு வாரத்தில் 21. தொடங்குவதற்கு நல்ல எண்தான். ஆனால் குளிர்நாட்டுக் கொட்டகையின் வாசனை அதில் இருக்கிறது. வேலூரில் மே மாத மதியம் 2 மணிக்கு வெளியிலேயே 40 டிகிரி. விடியற்காலை 4 மணிக்கு அதே பெட்டியில் 27, 28. கொடைக்கானலில் கதையே வேறு. நம் சமவெளியில் வாரக்கணக்கைவிட மணிக்கணக்கு முக்கியம். பகலில் அணைத்து இரவில் போட வேண்டிய நாட்கள் இரண்டாம் வாரமே வந்துவிடும். வெப்ப மிகுதியும் கொல்லும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து இளைத்துத் தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் அது குளிர வேண்டும், 40 கிராம் உடம்பில் ஈரம் எவ்வளவு இருக்கும்? பாசத்தில் பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தி, உள்ளே பல்பையும் எரியவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து பார்ப்பது இதன் விளைவைத்தான்.

எண்ணைவிட நம்பகமான கருவி குஞ்சுக் கூட்டமே. பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக முண்டினால் குளிர். எல்லாம் விளிம்புக்கு ஒதுங்கி, சிறகை உடம்பை விட்டு விலக்கி, அலகைத் திறந்தபடி நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது, கதவிடுக்கைப் பாருங்கள். சில இரை எடுக்க, சில தண்ணீர் குடிக்க, சில கால் நீட்டிப் படுக்க என்று பரவலாக இருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம்.

இருட்டில் காதே போதும். கோலியாஸ், ஜூஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1953-இல் கோழிகளின் ஒலிகளை வரைபடமாக்கிப் பார்த்தார்கள். குளிரிலும் தனிமையிலும் குஞ்சு எழுப்பும் உரத்த கீச்சொலியில் சுருதி மேலிருந்து கீழே இறங்குகிறது. சூடும் துணையும் கிடைத்த குஞ்சின் மெல்லிய கிலுகிலுப்பில் சுருதி கீழிருந்து மேலே ஏறுகிறது. தாய்க்கோழி படித்துத் தெரிந்துகொள்ளாத இந்த வித்தியாசம் பக்கத்து அறையில் படுத்திருப்பவர் காதுக்கும் ஓர் இரவிலேயே பழகிவிடும். இன்னும் சந்தேகமென்றால் குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். பாதம் சில்லிட்டிருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது. எகிப்தின் பொரிப்பு அடுப்புத் தொழிலாளிகள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றி எடுத்துச் சூடு பார்ப்பார்கள் என்பது இந்தச் சோதனையைக் கேலி செய்பவர்களுக்கு. பாதம் பார்க்கும் கையோடு, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் இருக்கும் தீனிப்பையையும் விரலால் தடவிப் பாருங்கள். முதல் நாள் இரவில் அது கூழ் கட்டிய துணி மாதிரி மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். கல்லுப்போல் இருந்தால் தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் மூன்றாம் நாள் கதைதான்.

குளிர் ஒரு குஞ்சை நேரடியாகக் கொல்வதைவிட, குளிருக்குப் பயந்த கூட்டம் நெரித்துக் கொல்வது அதிகம். நெருங்கி நின்றால் ஒவ்வொன்றின் வெளிப்பரப்பும் குறையும், சூடு மிச்சமாகும். இது நல்ல தந்திரம், பெட்டிக்கு மூலை இல்லாத வரை. மூலையில் முண்டும்போது முன்னால் போனதற்கு வெளியேற வழியில்லை. பின்னால் வருவது ஏறிக்கொண்டே இருக்கும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். அதனால் பண்ணைகளில் ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு கட்டுகிறார்கள். முப்பது குஞ்சுக்கு நாலடிக் குறுக்களவு தாராளம். அட்டைப்பெட்டிதான் இருக்கிறது என்றால் நாலு மூலையிலும் அட்டையை வளைத்துச் சொருகி ஒட்டிவிடுங்கள். கிராமத்தில் குஞ்சோடு கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் ஏற்கெனவே வட்டம், ஏற்கெனவே காற்றோட்டம். பகலில் காகத்துக்கும் பருந்துக்கும் அது போதுமானது. இரவில் பூனை அதைக் கவிழ்த்துவிடும். எலி கவிழ்க்கக்கூட வேண்டாம், மண்தரையைத் தோண்டி உள்ளே வரும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை மேலே மட்டுமல்ல, மண்தரையென்றால் கீழேயும் வேண்டும். கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், பாம்பை வெளியே வைக்காது.

கரண்ட் போகும் நேரமே நெரிசலின் நேரம். சுடுநீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மேலே காற்றுப் போக இடம் விட்டுப் போர்த்தினால் சில மணி நேரம் சமாளிக்கலாம். மண்சட்டியில் கரி நெருப்புப் போட்டு வைப்பது பழைய வழக்கம், இன்றும் நடக்கிறது. திறந்த கொட்டகையில் அது செல்லும், மூடிய அறையில் செல்லாது. அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதே அறையில் படுத்திருக்கும் மனிதரையும் அது விடாது. பறவையின் நுரையீரல் நம்முடையதைப்போல் காற்றை உள்ளே இழுத்து அதே வழியில் வெளியே விடுவதில்லை. காற்றுப்பைகளின் உதவியால் புதுக்காற்று ஒரே திசையில் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனை உறிஞ்ச அருமையான ஏற்பாடு, நஞ்சை உறிஞ்சவும் அதே அளவு அருமை. ஒட்டாத தவாவில் பூசும் டெஃப்லான் வகைப் பூச்சு சில வெப்பவிளக்குகளின் கண்ணாடிமேலும் உண்டு. அது சூட்டில் விடும் ஆவி குஞ்சுகளைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. உடையாத பல்பு என்று விற்பதை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சூட்டையும் காற்றையும் சரிசெய்தவர்கள் பலர் தோற்பது தண்ணீரில். முதல் வாரக் குஞ்சு ஓர் அங்குலத் தண்ணீரில் மூழ்கிச் சாகும், தட்டில் கூழாங்கல் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. தீராத கவலை, தட்டிலிருந்து உமியில் சிந்துகிற தண்ணீர். பறவை சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதியான யூரிக் அமிலமே அதன் கழிவு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கிவிடும். பெட்டிக்குள் தலையைக் குனிந்து பார்க்கும்போது உங்கள் கண் எரிகிறது என்றால், தரையோடு தரையாக அதைச் சுவாசிப்பவற்றுக்கு மூச்சுக்குழாயின் உட்தோலே கெட்டுக்கொண்டிருக்கிறது.

அதே ஈர வட்டத்தில் இன்னொன்றும் விளைகிறது. எய்மீரியா என்ற ஒட்டுண்ணி, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் கொண்டுவருவது. அதன் வாழ்க்கையில் ஒரு வினோதம் உண்டு. எச்சத்தோடு வெளியே வரும்போது அது தடித்த உறைக்குள் தூங்கும் கரு, அப்போது தின்றாலும் நோய் வராது. அது முற்றி நோய் தரும் நிலைக்கு வர ஈரம், கதகதப்பு, காற்று மூன்றும் சேர்ந்து ஓரிரு நாள் வேண்டும். நாம் குஞ்சுக்காகச் செய்து கொடுத்த சூடு அதற்கும் சௌகரியம். மூன்றில் நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். முற்றிய கருவைக் குஞ்சு கொத்தித் தின்றால் ஒரு வாரத்துக்குள் குடல் செல்களில் பெருகிப் பல்லாயிரமாக வெளியே வரும். மூன்று வாரக் குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பதும் எச்சத்தில் இரத்தம் தெரிவதும் அப்போதுதான். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறது. கிருமியே இல்லாத பெட்டி வைக்க முடியாதா என்றால், முடியாது, வேண்டியதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் ஒட்டுண்ணியால்தான் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. கெடுப்பது எண்ணிக்கை. அதனால் தண்ணீர்க் கூம்பைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல்மேல் ஏற்றி வைப்பதும், அதைச் சுற்றி நனைந்த உமியை அன்றன்றே அள்ளிப் போட்டுப் புது உமி தூவுவதும் எந்த மருந்தைவிடவும் மலிவான மருத்துவம்.

தடுப்பூசியிலும் மஞ்சள்கரு குறுக்கே வருகிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்தை முதல் வாரக் கடைசியில் விடுகிறார்கள். பிறந்த அன்றே விட்டால் என்ன என்று தோன்றும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அப்போது இரத்தத்தில் நிறைய இருக்கும், சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த கிருமியையும் அது எதிரி என்றே எண்ணி அழித்துவிடும், குஞ்சின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. தாயின் பாதுகாப்பு குறையத் தொடங்குவதற்கும் முழுக்கத் தீர்ந்துபோவதற்கும் இடைப்பட்ட நாட்களில் விட வேண்டும்.

பல்பை எப்போது எடுப்பது? சிறகிலும் முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சு போய் இறகு மூடியிருக்க வேண்டும். நம் சமவெளியில் கோடைக்காலத்துக் குஞ்சுக்கு மூன்றாம் வாரத்திலேயே இரவு மட்டும் பல்பு போதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐந்து வாரம்கூட ஆகும். குஞ்சுகள் இரவில் பல்பை விட்டு விலகி, தனித்தனியாகப் படுத்துத் தூங்குவது இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அணைத்துவிடலாம். ஆனால் தடுப்பூசி போட்ட அன்று வேண்டாம், புது இடத்துக்கு மாற்றிய அன்றும் வேண்டாம். அந்த இரவுகளில் நன்றாக இறகு வந்த குஞ்சுகளும் மூலை தேடிப்போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.